மஞ்ச நோட்டீஸ் குடுக்க வக்கீல் தேடுற தம்பிக்கு

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி எழுதி இருக்கார். பேர் போட வேண்டாம்னு கேட்டதால போடலை. அவர் எழுதினதோட சுருக்கம் இதுதான். 14 மெஷின் போட்டு பவர் டேபிள், அதாவது தையல் யூனிட், நடத்திட்டு இருந்தார், ஒரு கம்பெனிகிட்ட ஜாப் ஒர்க் பில் 6 லட்சம் மாட்டிக்கிச்சு, சனிக்கிழமையானா ஆளுங்களுக்கு சம்பளம் போட்டாகணும்னு கைமாத்து, அந்த கைமாத்துக்கு வட்டி கட்ட இன்னொரு கைமாத்து, இப்படியே போய் இப்ப பேங்க் மெஷின் லோன் 8 லட்சம், பைனான்ஸ் கம்பெனி பர்சனல் லோன் 4 லட்சம், அஞ்சு பேருக்கு புரோநோட்டு எழுதிக் குடுத்தது 7 லட்சம், எடுத்துட்ட சீட்டுக்கு கட்ட வேண்டியது ரெண்டரை லட்சம், போன்ல ஆப் மூலமா வாங்கினது 80 ஆயிரம். மொத்தம் 22 லட்சத்துக்கு மேல. வீட்டம்மா பேர்ல மகளிர் குழு லோன் தனியா ஓடுது. அப்பா விட்டுட்டுப் போன 3 சென்ட் வீட்டுல இவருக்கும் தங்கச்சிக்கும் பங்கு. மஞ்ச நோட்டீஸ் குடுத்துடலாம்னு ஒரு வக்கீலைப் போய் பாத்திருக்கார். அவர் ஒன்றரை லட்சம் ஃபீஸ், முழுசா முன்னாடியே குடுக்கணும், எல்லாக் கடனும் ரத்தாயிடும், அதுக்கு முன்னாடி வீட்டுப் பங்கை தங்கச்சி பேருக்கு எழுதி வெச்சுடுன்னு சொல்லி இருக்கார். தம்பி 10 ஆயிரம் அட்வான்ஸும் வீட்டுப் பத்திரத்தையும் அங்க குடுத்துட்டு வந்துட்டார். “கையில காசு இல்லைன்னு சொல்லத்தானே கோர்ட்டுக்குப் போறேன், அதுக்கே ஒன்றரை லட்சம்னா நான் எங்க போவேன் மேடம், நம்ம ஊர்ல நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிக்கிறது, ஃபீஸை எப்படிக் குடுக்கிறது”ன்னு கேக்குறார்.

தம்பி, முதல்ல ஒண்ணு. தங்கச்சி பேருக்கு வீட்டை எழுதுற வேலையை இன்னிக்கே நிறுத்துங்க. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு டோக்கன் போட்டிருந்தா கேன்சல் பண்ணுங்க. மத்ததெல்லாம் நிதானமா பேசலாம், இது மட்டும் காத்திருக்காது, ஏன்னு கீழ சொல்றேன்.

நல்ல வக்கீல் யாருன்னு தெரியணும்னா ஐ.பி.ன்னா என்னன்னு கொஞ்சமாச்சும் நமக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்லைன்னா எதிர்ல உக்காந்திருக்கவர் சொல்றது சரியா தப்பான்னு நாம எப்படிப் பாப்போம். மஞ்ச நோட்டீஸ், மஞ்சக் கடுதாசின்னு நம்ம ஊர்ல சொல்றது, கடனைக் கட்ட முடியாம நொடிச்சுப் போயிட்டேன்னு கோர்ட்டுல போடுற இன்சால்வன்சி பெட்டிஷனைத்தான், கோர்ட்டுல ஐ.பி. நம்பர்னு போடுவாங்க. சென்னை சிட்டிக்குள்ள இருக்கவங்களுக்கு 1909-ம் வருஷ சட்டம், அது ஹைகோர்ட்டுல நடக்கும். மத்த மாவட்டத்துக்கெல்லாம் 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம், நம்ம பக்கம் சப் கோர்ட்டுல போடுறது. 2016-ல புதுசா திவால் சட்டம் வந்துச்சே, பேப்பர்லயெல்லாம் பெரிய பெரிய கம்பெனி பேரா வருதேன்னு கேப்பீங்க. அதுல தனிநபருக்குன்னு ஒரு பகுதி எழுதித்தான் வெச்சிருக்காங்க, ஆனா கம்பெனி கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும் 2019 டிசம்பர்ல இருந்து அமலுக்குக் கொண்டு வந்தாங்க, உங்களை மாதிரி சொந்தத் தொழில் பண்ணி நொடிச்சவங்களுக்கு இன்னும் அந்த நூறு வருஷத்துச் சட்டம்தான். எவ்ளோ பழசுன்னா, 500 ரூபா கடன் இருந்தாலே பெட்டிஷன் போடலாம்னு அதுல இருக்கு, அந்தத் தொகையை மாத்தவே இல்லை. அதனால புதுச் சட்டத்துல உங்களுக்கு உடனே முடிச்சுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

இப்ப அந்த வக்கீல் சொன்ன “எல்லாக் கடனும் ரத்து”ங்கறதுக்கு வருவோம். நான் ஜூனியரா சேர்ந்த புதுசுல எங்க சீனியர் ஆபீஸுக்கு பள்ளிபாளையம் பக்கம் தறி வெச்சிருந்த ஒருத்தர் வந்தார், கையில ஜவுளிக்கடை மஞ்சப்பை, பை நிறைய நோட்டீஸ், பாதிய பிரிக்கவே இல்லை. பயத்துல பிரிக்கலைங்கன்னார். சீனியர் ஒண்ணும் பேசாம மேஜையில இருந்ததை எல்லாம் எடுத்து கீழ வெச்சுட்டு ஒவ்வொரு கவரா கத்திரிக்கோல்ல நறுக்கி மூணு அடுக்கா வெச்சார். ஒண்ணு அடமானம், ஒண்ணு காகிதம், ஒண்ணு கிரிமினல். ஒரு மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் “இப்பச் சொல்லுங்க, என்னாச்சு”ன்னு கேட்டார். ஃபீஸ் பேச்சே அன்னிக்கு எடுக்கலை. நான் இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் பிரிக்கிறேன், உங்க கடனையும் அப்படியே பிரிச்சுக் காட்டுறேன்.

பேங்க் மெஷின் லோன் அடமானக் கணக்கு. மெஷின் ஹைப்பாத்திகேஷன்ல இருக்கும், அதாவது மெஷின் உங்ககிட்டயே இருந்தாலும் கடனுக்கு ஈடா பேங்க்குக்கு எழுதிக் குடுத்திருப்பீங்க, நீங்க ஐ.பி. போட்டாலும் பேங்க் அந்த மெஷினை எடுக்குற உரிமையைச் சட்டம் தொடாது. நகைக்கடன் இருந்தாலும் அப்படித்தான். பைனான்ஸ் கம்பெனி, புரோநோட்டு, சீட்டு பாக்கி, ஆப், இதெல்லாம் காகிதக் கணக்கு, ஐ.பி. வேலை செய்யிறது இதுலதான். மூணாவது அடுக்கைத்தான் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குறாங்க. புரோநோட்டு குடுத்தப்ப பிளாங்க் செக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பீங்க, இல்லைன்னு சொல்லாதீங்க, நம்ம ஊர்ல செக் வாங்காம யாரு கைமாத்து தர்றாங்க. அந்த செக்கைப் போட்டு ரிட்டர்ன் ஆச்சுன்னா 138 கேஸ், அது கிரிமினல், ஐ.பி. ஆர்டர் அதை நிறுத்தாது. வெத்துச் செக்குல அவங்களே தொகை எழுதிட்டாங்கன்னு சொல்லித் தப்பிக்கறதும் லேசில்லை, கையெழுத்து உங்களுதுன்னா கடனுக்குத்தான் குடுத்தீங்கன்னு கோர்ட் முதல்ல எடுத்துக்கும்னு 2019-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, இல்லைன்னு நிரூபிக்கிற பாரம் நம்ம மேல வருது. 138 நோட்டீஸ் கைக்கு வந்தா பணம் கட்ட 15 நாள்தான் டைம், கட்ட முடியலைன்னாலும் அதுக்குள்ள பதில் போட்டுடணும், பயந்துட்டு தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீங்க.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. வீட்டம்மா குழு லோன் அவங்க கடன், உங்க ஐ.பி.யில அது வராது. அதே மாதிரி உங்களுக்காக யாராச்சும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா உங்களுக்கு விடுதலை கிடைச்சாலும் அவருக்குக் கிடைக்காது, கடன் குடுத்தவன் நேரா அவர் வீட்டுக்குப் போவான். பேங்க் லோனுக்கு ஃப்ரெண்ட் ஒருத்தர் கையெழுத்துப் போட்டார்னு ஒரு வரியில எழுதிட்டுத் தாண்டிட்டீங்க. அவர்கிட்ட நீங்களே போய் இன்னிக்கு நிலைமையைச் சொல்லுங்க தம்பி, பேங்க் நோட்டீஸ் பாத்து அவர் தெரிஞ்சுக்கக் கூடாது.

வீட்டு விஷயம். ஐ.பி. போடுறதுக்கு முன்னாடி சொத்தைக் குடும்பத்துக்குள்ள எழுதி வெக்கிறது காலங்காலமா நடக்குது, இந்தச் சட்டம் எழுதினவங்களுக்கும் அது தெரிஞ்சே இருந்திருக்கு. உண்மையா காசு வாங்கிட்டு நல்ல நோக்கத்தோட வித்தது தவிர, எழுதிக் குடுத்து 2 வருஷத்துக்குள்ள போட்ட பெட்டிஷன்ல நீங்க இன்சால்வென்ட்னு, அதாவது நொடிச்சவர்னு, ஆர்டர் ஆனா அந்தப் பத்திரத்தை செல்லாதுன்னு ஆக்கலாம். கடன்காரங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் வேணும்னே முன்னுரிமை குடுத்து செட்டில் பண்ணி, 3 மாசத்துக்குள்ள பெட்டிஷன் விழுந்தாலும் அதே கதை. சொத்தை மறைச்சது மோசடின்னு ஆனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனைக்கு இடம் இருக்கு. நான் கண்ணால பாத்தேன், ஒருத்தர் வீட்டை தானசெட்டில்மென்ட்ல சம்சாரம் பேருக்கு எழுதி வெச்சுட்டு நாலு மாசம் கழிச்சு ஐ.பி. போட்டார், அஃபிஷியல் ரிசீவர், அதாவது நொடிச்சவர் சொத்தைக் கோர்ட் சார்பா கையில எடுக்குற அதிகாரி, பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டார், அந்தம்மா சாட்சிக் கூண்டுல ஏறி, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கையெழுத்துப் போடச் சொன்னாங்க போட்டேன்னு சொல்லி அழுதுச்சு. வீடும் போச்சு, இவர் நல்லவர்னு கோர்ட்டுக்கு இருந்த கொஞ்சநஞ்ச எண்ணமும் போச்சு. உங்க தங்கச்சியை அந்தக் கூண்டுல ஏத்தாதீங்க. தங்கச்சிக்கு அவங்க பங்கு எப்படியும் அவங்களுதுதான், உங்க பங்கு மட்டும்தான் ரிசீவர் கணக்குல வரும், அதை பெட்டிஷன்லயே ஒளிக்காம எழுதணும்.

சட்டம் உங்களை முழுசா உரிச்சு விடறதில்லை, அதையும் சொல்லிடறேன். உடுத்துற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கை, சம்சாரம் கழுத்துல இருக்குற தாலி, பி.எஃப். பணம், உங்க பேர்ல இருக்குற லைஃப் இன்சூரன்ஸ், கைத்தொழில் பண்றவரோட கருவி, இதையெல்லாம் ஜப்தி பண்ண முடியாது, அதனால ரிசீவருக்கும் போகாது. பேங்க்ல அடமானம் இல்லாத உங்க சொந்த தையல் மெஷின் ஒண்ணு வீட்டுல இருந்தா அதைக் கருவின்னு சொல்லிக் காப்பாத்த வாதாட இடம் இருக்கு. அரெஸ்ட் பண்ணிடுவாங்கன்னு புரோநோட்டுக்காரர் மிரட்டுறார்னு எழுதி இருக்கீங்க. சிவில் கடனுக்கு அரெஸ்ட்ங்கறது அவர் கோர்ட்டுக்குப் போய் நீங்க பணம் கட்டணும்னு டிகிரி, அதாவது தீர்ப்பு, வாங்கி, நிறைவேற்று மனு போட்டு, உங்ககிட்ட கட்ட வசதி இருந்தும் வேணும்னே கட்டலைன்னு காட்டினாத்தான். வெறும் இல்லாமைக்காக ஒருத்தரை சிவில் ஜெயிலுக்கு அனுப்ப முடியாதுன்னு 1980-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. வாயில சொல்லி யாரும் உங்களை உள்ள தள்ள முடியாது.

சரி, வக்கீலை எப்படித் தேடுறது. போன்ல தேடினா முதல்ல வர்ற விளம்பரத்தை விட்டுடுங்க. வக்கீலுங்க விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, வக்கீல் பிடிச்சுக் குடுக்குற ஆன்லைன் கம்பெனிங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட் உத்தரவும் போட்டுச்சு. அதே மாதிரி இஎம்ஐ கட்டறதை நிறுத்திட்டு மாசாமாசம் எங்களுக்குக் கட்டுங்க, நாங்க பேங்க்கிட்ட பேசி பாதியா குறைக்கிறோம்னு சொல்ற லோன் செட்டில்மென்ட் ஏஜென்சிங்க கிட்டயும் போகாதீங்க, நீங்க அவங்களுக்குக் கட்டிட்டு இருக்குறப்பவே இந்தப் பக்கம் பேங்க் உங்க மேல கேஸ் போட்டுட்டு இருக்கும்.

நேரா கோர்ட்டுக்குப் போங்க. காலைல பத்தரைக்கு சப் கோர்ட் ஹால்ல பின்னாடி பெஞ்சுல ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் உக்காருங்க, யாரும் ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க. ஐ.பி. நம்பர் கூப்பிடறப்ப யாரு எந்திரிக்கிறாங்கன்னு பாருங்க. கோர்ட் வாசல்ல டைப் அடிக்கிறவங்ககிட்ட ஐ.பி. பெட்டிஷன் யாரு ஆபீஸ்ல இருந்து டைப்புக்கு வரும்னு கேளுங்க, அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை. அப்புறம் போன்லயே ஈ-கோர்ட்ஸ் ஆப் இருக்கு, கேஸ் ஸ்டேட்டஸ்ல போய் வக்கீல் பேர் போட்டுத் தேடலாம், அவர் நடத்துற கேஸ் எல்லாம் லிஸ்டா வரும், அதுல ஐ.பி. இருக்கா, போட்ட கேஸு எந்த நிலையில நிக்குதுன்னு பாருங்க, டிஃபால்ட்ல டிஸ்மிஸ் டிஸ்மிஸ்னு, அதாவது ஆஜராகாம விட்டு தள்ளுபடி ஆனதா, வரிசையா இருந்தா வேற ஆளைப் பாருங்க. பெயில் எடுக்கறதுல பேர் வாங்கின கிரிமினல் வக்கீல் இதுக்கு வேண்டாம், சிவில் பக்கம் புரோநோட்டு கேஸ் நடத்துறவர் வேணும், கடன் குடுத்தவங்களுக்கு ஆஜராகுறவரா இருந்தா இன்னும் நல்லது, அந்தப் பக்கம் என்ன கேப்பாங்கன்னு அவருக்குத் தெரியும். ஆனா உங்க கடன்காரர் யாருக்காச்சும் அவர் வக்கீலா இருக்காரான்னு முதல்லயே அஞ்சு பேர் பேரையும் சொல்லிக் கேட்டுடுங்க.

போறப்ப ஒரு கோடு போட்ட நோட்டுல எல்லாத்தையும் எழுதிட்டுப் போங்க. இடது பக்கம் கடன், யாருக்கு, அவர் முழு அட்ரஸ், எப்ப வாங்கினது, எவ்ளோ அசல், எவ்ளோ வட்டி கட்டியாச்சு, புரோநோட்டா செக்கா வாய் வார்த்தையா. வலது பக்கம் சொத்து, வீட்டுப் பங்கு, மெஷின், வண்டி, பேங்க் பேலன்ஸ், நகை, வர வேண்டிய பணம். மச்சான்கிட்ட வாங்கின கைமாத்தையும் விடாம எழுதுங்க. ஐ.பி. பெட்டிஷன்ல கோர்ட் கேக்குறதே இதுதான், கடன்காரர் ஒருத்தர் பேரை விட்டுட்டாலும் பின்னாடி அதுதான் வம்பு. அந்த நோட்டை வக்கீல் கையில குடுத்துட்டு சும்மா இருங்க. அவர் அதை வாங்கிப் படிச்சு நடுவுல கேள்வி கேட்டார்னா நல்லது. படிக்காமலே எல்லாம் பாத்துக்கலாம் தம்பி, அட்வான்ஸ் எவ்ளோ கொண்டு வந்திருக்கேன்னு கேட்டா நோட்டை வாங்கிட்டு வந்துடுங்க. ஐ.பி. போட்டா எதெல்லாம் தீராதுன்னு நீங்க கேக்காமலே சொல்றவர்கிட்ட தைரியமா கேஸைக் குடுக்கலாம்.

ஃபீஸ் எவ்ளோன்னு நான் ஒரு தொகை சொன்னா அது சரியா இருக்காது, ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள், கடன்காரங்க எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி மாறும். மூணு பேரைப் பாருங்க, மூணு பேர் சொல்றதையும் எழுதி வெச்சுப் பாருங்க. ஆனா எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சுக் கேக்கணும், இதை நம்ம ஆளுங்க யாருமே கேக்கறதில்லை. கேஸ் மூணு கட்டமா போகும். பெட்டிஷன் தயார் பண்ணி நம்பர் ஆகுறது ஒண்ணு. கடன்காரங்களுக்கு நோட்டீஸ் போய், அவங்க கவுன்ட்டர்னு பதில் மனு போட்டு, உங்களை விசாரிச்சு, இன்சால்வென்ட்னு ஆர்டர் ஆகுறது ரெண்டு. ரிசீவர் சொத்தைப் பாத்து முடிச்சப்புறம் டிஸ்சார்ஜ், அதாவது கடன்ல இருந்து விடுதலைன்னு கோர்ட் ஆர்டர், வாங்குறது மூணு. ரெண்டாவது கட்டத்துல அந்த ஆர்டர் வந்த அன்னிக்கு ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறாங்க, மூணாவது ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அந்த ஆர்டர்லயே இத்தனை மாசத்துக்குள்ள டிஸ்சார்ஜுக்கு மனு போடணும்னு தேதி எழுதி இருப்பாங்க, போடலைன்னா ஆர்டரே ரத்தாயிடும், கடனெல்லாம் பழையபடி உயிரோட வந்து நிக்கும், மறுபடி ஐ.பி. போடணும்னா கோர்ட்கிட்ட தனியா அனுமதி வாங்கணும். அதனால “டிஸ்சார்ஜ் வரைக்கும் சேர்த்தா இந்த ஃபீஸ்?”னு வாயைத் திறந்து கேளுங்க, சேர்த்துன்னா அதை எழுதிக் கேளுங்க.

பணத்தையும் அந்த மூணு கட்டமாவே பிரிச்சுக் குடுங்க, முழுசும் முன்னாடி குடுக்காதீங்க. ஃபீஸ் தனி, செலவு தனி. ஸ்டாம்பு, கடன்காரங்களுக்கு நோட்டீஸ் அனுப்புற படி, பேப்பர் விளம்பரம் வந்தா அது, டைப்பிங், இதெல்லாம் செலவு, வர வர ரசீதோட வாங்கிக்கச் சொல்லுங்க. ஜிபேல அனுப்புங்க, பணமா குடுத்தா ஒரு துண்டுச் சீட்டாச்சும் வாங்குங்க. 138 கேஸ் வந்தா அது வேற கேஸ், வேற ஃபீஸ், அதையும் முதல்லயே பேசிடுங்க. கேஸ் ஜெயிச்சா இவ்ளோன்னு ரிசல்ட்டை வெச்சு ஃபீஸ் பேசுறது பார் கவுன்சில் விதிப்படி தப்பு, அப்படிக் கேக்குறவர் வேண்டாம். வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க, வெள்ளைப் பேப்பர்ல போடாதீங்க. ஒரிஜினல் எதையும் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் குடுங்க, கோர்ட்டுல மார்க் பண்றப்ப ஒரிஜினலை நீங்களே எடுத்துட்டுப் போய்க் காட்டலாம்.

ஃபீஸ் கட்ட இன்னொரு இடத்துல கடன் வாங்காதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். மீட்டர் வட்டிக்கு வாங்கி ஐ.பி. போட்டவங்களைப் பாத்திருக்கேன். திருப்பித் தர வழியே இல்லைன்னு தெரிஞ்சே வாங்கின கடன்னு பின்னாடி டிஸ்சார்ஜ் அப்ப அதைத்தான் எடுத்துக் கேப்பாங்க. ஆர்டர் வந்து டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் நான் இன்சால்வென்ட்னு சொல்லாம யாருகிட்டயாச்சும் 50 ரூபாவோ அதுக்கு மேலயோ கடன் வாங்கினாலே குற்றம், அந்த 50 ரூபாயும் 1920-ல எழுதினதுதான், இன்னும் அப்படியேதான் இருக்கு.

காசே இல்லைன்னா இலவச சட்ட உதவி இருக்கு. மாவட்டக் கோர்ட் வளாகத்துக்குள்ளயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், தாலுகாவுல வட்ட சட்டப் பணிகள் குழு. 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிங்க, இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே வக்கீல் வெச்சுத் தருவாங்க. மத்தவங்களுக்கு வருமான உச்சவரம்பு ஒண்ணு இருக்கு, உங்க யூனிட் மூடிட்டு இப்ப பீஸ் ரேட்டுக்குத்தான் தைக்கப் போறீங்கன்னு எழுதி இருக்கீங்க, அந்த வருமானத்துக்கு வர்றீங்களான்னு அங்கயே சொல்லிடுவாங்க, ஆதாரும் வருமானச் சான்றும் எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டம்மா தகுதியில எந்தச் சந்தேகமும் இல்லை, குழு லோன் விஷயமா அவங்க தனியா ஒரு மனு குடுக்கலாம். இலவச வக்கீல்னா சரியா பாக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, நானும் அந்தப் பேனல்ல பல வருஷம் இருந்திருக்கேன், காசு குடுத்தவர் கேஸுக்கு உக்காந்த மாதிரியேதான் இதுக்கும் ராத்திரி உக்காந்து குறுக்கு விசாரணைக் கேள்வி எழுதி இருக்கேன், என்னை மாதிரி இன்னும் நிறைய பேர் இருக்காங்க. வந்தவர் சரியில்லைன்னா மாத்திக் கேக்கவும் வழி இருக்கு.

நீங்க கேக்காத ஒண்ணு, அந்த வக்கீலும் கேக்காதது. அந்த 6 லட்சம் என்னாச்சு? 22 லட்சக் கடன்ல 6 லட்சம் வந்தா நாலுல ஒரு பங்கு போயிடும், புரோநோட்டுல ரெண்டு மூணு பேரை உக்கார வெச்சுப் பேசலாம். உங்க யூனிட்டுக்கு அந்த ஜாப் ஒர்க் பண்றதுக்கு முன்னாடியே உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, இருந்துச்சா பாருங்க. இருந்தா 2006-ம் வருஷ எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளுக்கு மேல பில்லை இழுத்த கம்பெனி, ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, அதுவும் கூட்டு வட்டியா, சேர்த்துத் தரணும். அதுக்கு ஃபெசிலிட்டேஷன் கவுன்சில்னு இருக்கு, ஆன்லைன்ல நீங்களே மனு போடலாம், வக்கீல் இருந்தாத்தான் ஆகும்னு இல்லை. டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில், வாட்ஸப்ல அந்த மேனேஜர் “அடுத்த வாரம் பாக்கலாம்”னு போட்ட மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வைங்க. ஐ.பி. போடுறதா இருந்தாலும் இந்த 6 லட்சம் உங்க சொத்து லிஸ்ட்ல வந்தே ஆகணும். இன்னொரு பக்கமும் இது உதவும். சொத்து வித்து ரூபாய்க்கு 50 பைசா கூட தேறலைன்னா முழு டிஸ்சார்ஜ் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, ஆனா அந்த நட்டம் உங்க தப்பால வரலைன்னு காட்டினா குடுக்கலாம், அதைக் காட்டப் போறது இந்தச் சலானும் மெசேஜும்தான்.

பேங்க்ல ஒன் டைம் செட்டில்மென்ட், அதாவது ஒரு தொகை பேசி மொத்தமா கட்டி முடிக்கிறது, கேட்டு ஒரு லெட்டர் குடுத்து முத்திரை வாங்கி வைங்க. லோக் அதாலத் வர்றப்ப பேங்க்காரங்களே வந்து உக்காருவாங்க, அங்க பேசி முடிச்சா அப்பீல் கிடையாது, அதோட முடிஞ்சுது. அதுக்கெல்லாம் போய்ப் பாத்து வழி இல்லைன்னு ஆனா ஐ.பி. போடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா ஒருதரம் போட்டுட்டா கோர்ட் அனுமதி இல்லாம வாபஸ் வாங்க முடியாது, அதனாலதான் இவ்ளோ இழுத்துச் சொல்றேன். வக்கீல் மூலமா ஊருக்கெல்லாம் மஞ்ச நோட்டீஸ் அனுப்பிட்டா போதும், அன்னிக்கே எல்லாம் நின்னுடும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அதுவும் இல்லை, இன்சால்வென்ட்னு கோர்ட் ஆர்டர் போட்டப்புறம்தான் கடன்காரங்க கையைக் கட்டும்.

ராத்திரில போன் அடிச்சுட்டே இருக்கு, தூக்கமே இல்லைன்னு எழுதி இருக்கீங்க. பேங்க், பைனான்ஸ் கம்பெனி ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் வசூலுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு, நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தக் கம்பெனிக்கு மெயில்ல புகார் போடுங்க. வீட்டுக்கு வந்து கந்துவட்டி கேட்டு மிரட்டினா 2003-ல வந்த கந்துவட்டி தடைச் சட்டத்துல போலீஸ்ல குடுக்கலாம். ராத்திரி 7 மணிக்கு மேல போனை ஆஃப் பண்ணி வைங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416-க்குப் பேசுங்க, இலவசம்தான், தமிழ்லயே பேசுவாங்க. வீட்டம்மாகிட்ட முழுத் தொகையைச் சொல்லலைன்னு எழுதினதைப் படிச்சு எனக்கு மனசே கேக்கலை. அந்தக் கோடு போட்ட நோட்டை அவங்களோட உக்காந்தே எழுதுங்களேன் தம்பி, எந்தக் கடன் எப்ப வாங்கினதுன்னு உங்களை விட அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்.

கடைசியா அந்த 10 ஆயிரமும் பத்திரமும். நாளைக்கே போங்க, சண்டை போட வேண்டாம், கேஸ் போடுற யோசனையை இப்போதைக்குத் தள்ளி வெச்சிருக்கேன்னு சொல்லிப் பத்திரத்தைக் கேளுங்க. ஃபீஸ் பாக்கின்னு சொல்லி வக்கீல் கட்சிக்காரரோட கேஸ் கட்டைப் பிடிச்சு வெச்சுக்க முடியாதுன்னு 2000-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அவருக்கும் அது தெரியும். தரலைன்னா ரிஜிஸ்டர் தபால்ல ஒரு லெட்டர், அதுக்கும் தரலைன்னா தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு அவர் என்ரோல்மென்ட் நம்பர் போட்டு ஒரு புகார், அதுக்கு வக்கீல் தேவையில்லை. அட்வான்ஸ்ல அவர் பாத்த வேலைக்கு எடுத்துட்டு மீதி குடுத்தா வாங்கிக்கங்க, குடுக்கலைன்னா அதுக்காக அலைய வேண்டாம், பத்திரம் கைக்கு வந்தாப் போதும். அங்க வேற எதுலயாச்சும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களான்னு யோசிச்சுப் பாருங்க, வெத்துப் பேப்பர்லயோ ஸ்டாம்பு பேப்பர்லயோ போட்டிருந்தா அதையும் அன்னிக்கே கேட்டு வாங்கிட்டு வந்துட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.